ஒரே மடலில் இரண்டு கேள்விகள்

போன நோன்பில், சர்பத்துக்கு ஆகட்டுமென்று தண்ணீர் நிரப்பி மூடி ஃப்ரீசருக்குள் வைத்த கண்ணாடிப் போத்தல் ஒன்று ஸஹருக்கு எழும்பிப் பார்க்கும்போது வெடித்துக் கிடந்தது. "சூட்டுக்கு வெடிச்சாச் சரி, குளிருக்கு ஏன் வாப்பா வெடிக்குது?" என்று மகள் கேட்டாள். எனக்கு அல்பிரூனியின் ஞாபகம் வந்தது. ஏறத்தாழ 1000 வருடங்களுக்கு முன் அவர் இப்னு ஸீனாவுக்கு அனுப்பிய 18 வினாக்களில் இதுவும் ஒன்று.

கி.பி. 973இல் குவாரிஸ்மில் பிறந்தவர் அல்பிரூனி. இப்னு ஸீனா அவரை விட ஏழு வயது இளையவர், புகாராவுக்கு அருகில் பிறந்தவர். வினாக்களில் முதல் 10 அரிஸ்டோட்டில் வானுலகு பற்றி எழுதிய நூலைக் குடைவன. மீதி 8 அல்பிரூனி தாமாகவே எழுப்பியவை. மடல் போக்குவரத்து வரவரச் சூடேறியது. பின்னர் இப்னு ஸீனாவுக்காக மஃஸூமி என்ற மாணவர்தான் பதில் எழுதினார்.

பொருள்கள் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்குமென்றால், நீர் உறையும்போது குப்பி ஏன் உடைகிறது? இப்னு ஸீனாவின் பதில்: உள்ளேயுள்ள காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெற்றிடம் உண்டாகப் பார்க்கிறது, வெற்றிடம் என்பது நடவாத காரியம், ஆகவே குப்பி உடைகிறது. சரி, அப்படியானால் கண்ணாடி உள்நோக்கியல்லவா நொறுங்க வேண்டும்? எங்கட வீட்டுப் போத்தலின் துண்டுகள் வெளியே தள்ளப்பட்டுக் கிடந்தன.

பனிக்கட்டி ஏன் நீரில் மிதக்கிறது என்றும் அல்பிரூனி கேட்டார். உறையும்போது காற்று இடுக்குகளில் அகப்பட்டுக்கொள்கிறது, அது கட்டியை அமிழ விடுவதில்லை என்றார் இப்னு ஸீனா. இதைக் கேலி செய்ய நான் தயாரில்லை. எந்த ஐஸ் கட்டியை எடுத்துப் பார்த்தாலும் குமிழிகள் தெரியத்தான் செய்கின்றன.

என்னை வியக்க வைப்பது வேறொன்று. அதே மடலின் முற்பகுதியில், பொருள் பிரிக்கவியலாத துணுக்குகளால் ஆனது என்ற முதகல்லிமீன்களின் கொள்கையை அரிஸ்டோட்டில் தரப்பு ஏன் ஒதுக்குகிறது, எல்லையின்றிப் பிரிக்கலாம் என்பதிலும் சிக்கல் இருக்கிறதே என்று அல்பிரூனி கேட்கிறார். அணு பற்றிய கேள்வியும் பனிக்கட்டி பற்றிய கேள்வியும் ஒரே மடலில் இருக்கின்றன. ஆனால் ஒன்றுக்குள்தான் மற்றதன் விடை இருக்கிறது என்பது இருவருக்கும் தோன்றவில்லை.

தோன்றாததற்குக் காரணம் உண்டு. அஷ்அரி அகீதா ஓதிய நம்மவர்களுக்கு 'ஜவ்ஹர்', 'அரழ்' என்ற சொற்கள் புதியவை அல்ல. ஜவ்ஹர் என்பது பிரிக்க முடியாத துணுக்கு. அவை எத்தனை சேர்ந்தால் ஓர் உடல் உண்டாகும் என்று கலாம் அறிஞர்கள் எண்ணிக்கை போட்டு வாதாடினார்கள். முஃதஸிலாக்களில் அபுல் ஹுதைல் 6 என்றார், முஅம்மர் 8 என்றார். ஆக, அடுக்கு பற்றிய யோசனை அவர்களிடம் இருந்தது. ஆனால் அடுக்கு தந்தது நீளம், அகலம், ஆழம் மட்டுமே. ஈரமும் உலர்வும் குளிரும் சூடும் துணுக்கின் மேல் வந்து ஏறும் அரழ்கள். அஷ்அரிகளைப் பொறுத்தவரை அவற்றைக் கணந்தோறும் புதிதாகப் படைப்பவன் அல்லாஹ். அங்கே உறைதலுக்கு அடுக்கைத் தேடும் அவசியம் எழவில்லை. இப்னு ஸீனாவோ துணுக்கையே ஏற்காதவர். மேடைகளில் "அணுவை எங்கட ஆக்கள்தான் முதலில் கண்டுபிடிச்சாங்க" என்று முழங்குவோர் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை. சொன்னால் கைதட்டல் குறையும்.

அப்புறம் 1611இல் புளோரன்ஸில் கலிலியோவும் அரிஸ்டோட்டில் தரப்பினரும் இதே பனிக்கட்டியை வைத்து மோதினார்கள். பனிக்கட்டி என்பது சுருங்கிய நீரன்று, விரிந்த நீர் என்றார் கலிலியோ. சரிதான், ஆனால் ஏன் விரிகிறது? எக்ஸ் கதிரால் பளிங்குகளை ஆராயத் தொடங்கிய பிறகே, 20ஆம் நூற்றாண்டில், அதற்கு விடை கிடைத்தது. ஒவ்வொரு நீர் மூலக்கூறும் ஐதரசன் பிணைப்பால் நான்கு அயல் மூலக்கூறுகளை எட்டப் பிடித்துக்கொள்ள, அறுகோணக் கூடுகள் உருவாகின்றன. கூட்டுக்கு நடுவே வெற்று இடம். அதனால் 1 லீற்றர் நீர் உறையும்போது ஏறத்தாழ 1090 மில்லிலீற்றர் இடம் கேட்கிறது. மூடிய போத்தலில் அந்த இடத்துக்கு எங்கே போவது? உருகும்போது கூடு சரிந்து, மூலக்கூறுகள் நெருங்கி, ஒன்றையொன்று விட்டு விட்டுப் பிடிக்கின்றன. அது திரவம். ஆவியில் அந்தப் பிடியே அநேகமாக இல்லை. மூன்றிலும் மூலக்கூறு ஒன்றுதான், இரண்டு ஐதரசனும் ஓர் ஒட்சிசனும்.

இப்னு ஸீனா இடுக்குகள் என்றது தவறவில்லை. அவற்றைக் காற்றால் நிரப்பியதுதான் தவறு.

இதை மகளுக்குச் சொன்னபோது, "அப்ப காற்றில்லாம ஐஸ் செஞ்சு பார்ப்போமே" என்றாள். தண்ணீரை இரண்டு தரம் கொதிக்க வைத்து ஆற்றி, பிளாஸ்டிக் கோப்பையில் மெதுவாக உறைய விட்டோம். நடுவில் மட்டும் சற்று மங்கல், மற்றப்படி கண்ணாடி மாதிரி இருந்தது. இஃப்தாருக்குச் சற்று முன் அந்தக் கட்டியை வாளித் தண்ணீரில் போட்டாள். உள்ளே போய், உடனே மேலே வந்து மிதந்தது.