குடலிறக்கம்: ஓர் அரசியும் ஒரு போர்வீரரும்

வயிற்றுச் சுவரில் பலம் குறைந்த ஓரிடத்தின் வழியே குடலோ கொழுப்போ வெளியே பிதுங்குவதே குடலிறக்கம். 'ஹெர்னியா' என்றால் பலருக்கும் உடனே புரியும். இருமினால் புடைக்கும், படுத்தால் பெரும்பாலும் உள்ளே போய்விடும். ஆனால் குடல் அந்தத் துவாரத்தில் சிக்கிக்கொண்டால் இரத்த ஓட்டம் நின்று அழுகத் தொடங்கும். உயிருக்கே ஆபத்து அப்போதுதான்.

இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜின் மனைவி கரோலைனுக்கு 1724இல் கடைசிக் குழந்தை பிறந்த பின் தொப்புளில் இறக்கம் ஏற்பட்டது. அரசி அதை வெளியே சொல்லாமல் மறைத்தார். 1737 நவம்பரில் கடும் வயிற்றுவலி வந்தபோதும் வாய் திறக்கவில்லை. மருத்துவர்களும் சாதாரண வயிற்றுவலிக்கான மருந்தையே கொடுத்து வந்தனர். மன்னர் உண்மையைச் சொன்னபோது காலம் கடந்துவிட்டது. நவம்பர் 20 அன்று அரசி இறந்தார்.

முன்பே சொல்லியிருந்தாலும் அன்றைய வைத்தியம் பெரிதாக உதவியிருக்காது. மயக்க மருந்து கிடையாது. இறுக்கிக் கட்டும் பட்டைதான் கதி. ஆண்களுக்குத் தொடை இடுக்கில் வரும் இறக்கத்துக்கு விதையையே அறுத்தெறிந்த நாடோடி வைத்தியர்களும் இருந்தனர். அந்த வழக்கத்தை 16ஆம் நூற்றாண்டிலேயே கண்டித்தார் பிரெஞ்சு அறுவை மருத்துவர் அம்புரோஸ் பாரே.

1846இல் மயக்க மருந்தும், 1867இல் லிஸ்டரின் கிருமி ஒழிப்பு முறையும் வந்தன. அறுவை செய்ய முடிந்தது. ஆனால் இறக்கம் பலருக்கும் திரும்ப வந்தது.

அதே 1867இல், போப்பின் ஆட்சியிலிருந்து ரோமை மீட்கப் போரிட்ட எதோர்தோ பஸ்ஸீனி என்ற இத்தாலிய இளைஞர் வலது தொடை இடுக்கில் துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்துப்பட்டார். பிழைத்து எழுந்தவர் அறுவை மருத்துவரானார். லண்டன் சென்று லிஸ்டரிடமும் கற்றார். துவாரத்தை மூடினால் மட்டும் போதாது, பின்சுவரையே கட்டி எழுப்ப வேண்டும் என்று கண்டார். 1884இல் பதுவா நகரில் தசையடுக்குகளைத் தசைநாருடன் தைக்கும் முறையைத் தொடங்கினார். மீண்டும் இறக்கம் வந்தவர்கள் வெகு சிலரே.

அதிலும் ஒரு குறை இருந்தது. இழுத்துத் தைத்த தசை வலித்தது, சிலருக்கு விட்டும் போனது. 1958இல் பிரான்சிஸ் அஷர் ஒரு பிளாஸ்டிக் வலையை அறிமுகப்படுத்தினார். 1980களில் லிக்டென்ஸ்டைன், தசையை இழுக்காமல் வலையை வைத்துத் தைக்கும் முறையைப் பரப்பினார். இன்று சிறு துளைகள் வழியாகவும் இதைச் செய்கிறார்கள்.

இன்று மருத்துவம் கைவசம் இருக்கிறது. கரோலைனைப் போல வெட்கப்பட்டு மறைப்பதுதான் இன்னும் ஆபத்து. உள்ளே போகாத புடைப்பும், வலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.