பாரெட் உணவுக்குழாய்: எண்டோஸ்கோப்பி ஆய்வின் வரலாறு

உணவுக்குழாயின் உட்புறம் இயல்பில் வெளிறிய இளஞ்சிவப்பாக இருக்கும். இரைப்பை அமிலம் ஆண்டுக்கணக்கில் மேலேறிச் சுட்டுக்கொண்டே இருந்தால், சிலருக்குக் கீழ்ப்பகுதியின் சவ்வு அழிந்து, குடலின் சவ்வை ஒத்த செந்நிறச் சவ்வு அங்கே வளர்கிறது. இதுவே பாரெட் உணவுக்குழாய். நெஞ்செரிச்சலுக்கு அப்பால் பெரும்பாலோருக்கு இதனால் கேடு வருவதில்லை. டென்மார்க்கின் தேசியப் பதிவேடுகளை வைத்து 2011இல் வெளியான ஆய்வு, ஆண்டுக்குச் சுமார் 0.12 சதவீதத்தினருக்கே இது புற்றாவதாகக் கணக்கிட்டது. புற்றுக்கு முந்தைய உயிரணுத் திரிபு டிஸ்பிளேசியா எனப்படும். அது பெரும்பாலும் தட்டையாக, சுற்றியுள்ள சவ்வின் நிறத்திலேயே படர்ந்திருக்கும். சிக்கல் அங்கேதான்.

நோய்க்குப் பெயர் வந்த கதை சற்று வேடிக்கையானது. அடிலெய்டில் 1903இல் பிறந்த நார்மன் பாரெட், லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் மார்பு அறுவை மருத்துவர். பிறவியிலேயே குட்டையான உணவுக்குழாய் இரைப்பையை மார்புக்குள் இழுத்துவிடுகிறது, அந்தச் சவ்வு இரைப்பையினுடையதே என்று 1950இல் எழுதினார். அது உணவுக்குழாய்தான் என்று 1953இல் ஆலிசனும் ஜான்ஸ்டோனும் காட்டினர். அங்கே தோன்றும் புண்ணுக்குப் பாரெட்டின் பெயரை வைத்தவர்களும் அவரை மறுத்த இந்த இருவர்தாம். 1957இல் பாரெட் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்.

மருத்துவர் ஹிர்ஷோவிட்ஸ் வளையும் ஒளியிழை எண்டோஸ்கோப்பை அறிமுகப்படுத்தியதும் 1957ஐ ஒட்டித்தான். அதுவரை விறைத்த குழாயைத் தொண்டைக்குள் இறக்க வேண்டியிருந்தது. ஆனால் கருவி வளைந்துகொடுத்ததாலேயே டிஸ்பிளேசியா கண்ணுக்குப் புலப்பட்டுவிடவில்லை. அமெரிக்காவின் சியாட்டில் குழு இதற்கு முரட்டுத்தனமான ஒரு வழியைக் கண்டது: ஒவ்வொரு 2 செ.மீ.க்கும் நான்கு திசைகளிலும் திசுத் துணுக்கு எடுப்பது (பயாப்ஸி). முன்பே டிஸ்பிளேசியா தெரிந்திருந்தால் 1 செ.மீ.க்கு ஒருமுறை. இப்படி எத்தனை துணுக்குகள் கிள்ளினாலும் அவை மேற்பரப்பின் சிறு பங்கே. இடுக்கி தொடாத இடத்தில் திரிபு இருந்தால் தப்பிவிடும். துணுக்கைப் பார்க்கும் நோய்க்குறியியலாளர்களும் ஒத்துப்போவதில்லை. நெதர்லாந்தில் லேசான டிஸ்பிளேசியா என்று குறிக்கப்பட்ட நோயாளிகளின் மாதிரிகளை வல்லுநர்கள் மறுபடி பார்த்தபோது, 85 சதவீதத்தினருக்கு அந்த முடிவு கீழிறக்கப்பட்டது (2010).

ஆகவே கிள்ளுவதற்கு முன் நன்றாகப் பார்ப்பது தனிக் கலையாக வளர்ந்தது. முதலில் சளியையும் நுரையையும் கழுவுகிறார்கள். காற்றை ஊதி விரித்தும் சற்று உறிஞ்சிச் சுருக்கியும் பார்க்கிறார்கள். நன்கு விரிந்த சவ்வில் தெரியாத மேடு, தளர்ந்த சவ்வில் தலைகாட்டக்கூடும். எண்டோஸ்கோப்பித் திரையைக் கடிகார முகமாகக் கொண்டால், ஆரம்பப் புற்றுகள் 12 மணிக்கும் 6 மணிக்கும் இடைப்பட்ட வலப்பாதியில்தான் அதிகம். ஒரு செ.மீ.க்கு ஒரு நிமிடத்துக்கு மேல் செலவிடுவோர் கூடுதலாகக் கண்டுபிடிப்பதாக 2012இல் ஓர் ஆய்வு சொன்னது. எல்லாவற்றையும்விட மலிவான உத்தி பொறுமைதான் போலும்.

அடுத்தது வினிகரின் புளிப்புக்குக் காரணமான அசிட்டிக் அமிலம். நீர்த்த கரைசலைத் தெளித்ததும் பாரெட் சவ்வு முழுவதும் வெளுக்கிறது. சற்று நேரத்தில், திரிந்த இடம் மட்டும் மற்றவற்றுக்கு முந்தி வெண்மையை இழந்து சிவந்து நிற்கும். எதையும் தெளிக்கத் தேவையில்லாத வழி குறும்பட்டை ஒளி: 415, 540 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை ஹீமோகுளோபின் உறிஞ்சுவதால் நுண்ணிய இரத்தக்குழாய்கள் கருமையாக எடுப்பாகத் தெரிகின்றன; ஒழுங்கற்ற பின்னல் ஐயத்தைக் கிளப்புகிறது.

பார்த்ததை எல்லாரும் ஒரே மாதிரி எழுத 2006இல் பிராக் அளவுமுறை வந்தது. சி2எம்5 என்றால், வட்டம் முழுவதும் 2 செ.மீ. பரவல்; நாக்குபோல் நீண்ட பகுதியையும் சேர்த்தால் 5 செ.மீ.

இத்தனை உன்னிப்புக்கும் பொருள் கிடைத்தது சிகிச்சை மாறியதால்தான். முன்பு கடும் டிஸ்பிளேசியாவுக்கு உணவுக்குழாயையே அகற்றும் பெரிய அறுவை பரிந்துரைக்கப்பட்டது. 2009இல் முடிவு வெளியான அமெரிக்கச் சோதனையில், கடும் டிஸ்பிளேசியா இருந்து ரேடியோ அலைவரிசை வெப்பத்தால் சுடப்பட்டவர்களில் 81 சதவீதத்தினருக்கு ஓராண்டில் அது மறைந்தது. கண்ணில் படும் மேட்டையோ சுடுவதில்லை. எண்டோஸ்கோப் வழியாகவே சீவி எடுக்கிறார்கள். அந்தத் துண்டைத் தக்கையின்மேல் விரித்து, ஓரங்களில் ஊசி குத்தி, ஃபார்மலினில் இட்டுப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்கள். புற்று சளிச்சவ்வோடு நின்றிருக்கிறதா, அடியடுக்குக்குள் ஆழமாக இறங்கிவிட்டதா என்பதை அதை வைத்தே சொல்கிறார்கள். அறுவை வேண்டுமா என்ற பேச்சு அதன் பிறகு.