நான்கு கேள்விகள் பிறந்த கதை

இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் பகுதியில், ஆட்டரி செயின்ட் மேரி என்று ஒரு சிற்றூர். 1337இல் எக்ஸிடர் பிஷப் ஜான் கிராண்டிசன் அங்கே குருமார்கள் கூடி வாழ்ந்து வழிபாடு நடத்த ஒரு மடத்தை நிறுவினார். மடத்துக்கு அந்த வட்டாரத்தில் நிலபுலன் இருந்தது. அதில் ஒரு பகுதியைப் பற்றி எழுந்த வழக்கில்தான், சட்டத்துக்குப் பொருள் காண நீதிபதிகள் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள் பிறந்தன. நம் உச்ச நீதிமன்றமும் அவற்றைக் கேட்டிருக்கிறது.

அந்த நிலத்தை மடம் முதலில் வேர் என்ற குடும்பத்துத் தந்தைக்கும் மகனுக்கும் அவர்கள் ஆயுள் உள்ளவரை அனுபவிக்கக் கொடுத்திருந்தது. அன்றைய வழக்கப்படி, இப்படிக் கொடுத்த விவரம் பண்ணை நீதிமன்றத்தின் பதிவேட்டில் ஏறும். அந்தப் பதிவின் நகல்தான் குடியானவர் கையில் இருக்கும் பத்திரம். சட்டத்தின் பார்வையில் இத்தகைய குடியானவர் பண்ணையார் விரும்பும்வரை நிலத்தில் இருப்பவர். ஊர் வழக்கத்தின் பார்வையில் ஆயுள் முழுக்க உரிமை உள்ளவர். இந்த இரண்டுக்கும் நடுவிலிருந்த இடைவெளிதான் பிற்பாடு வழக்கின் மையமாயிற்று.

வேர் குடும்பத்தின் அனுபவ உரிமை முடியவில்லை. அதற்குள் அதே நிலத்தை மடம் ஹைடன் என்பவருக்கு 80 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. ஒரே நிலத்தின் மேல் இரண்டு பேருக்கு ஏன் உரிமை எழுதித்தர வேண்டும்? காலம் அப்படி. எட்டாம் ஹென்றி மடங்களை ஒவ்வொன்றாகக் கலைத்துச் சொத்துகளை அரசுடைமை ஆக்கிக்கொண்டிருந்தார். 1536இல் சிறிய மடங்கள் போயின. அடுத்து நம் முறை என்று உணர்ந்த மற்ற மடத்தார், நிலங்களை நீண்டகாலக் குத்தகைக்கு விடத் தொடங்கினார்கள். மன்னர் கைக்கு நிலம் வரும்போது அதில் அதிக வருமானம் இல்லாத வெறும் உரிமைதான் மிஞ்சும்.

இதைத் தடுக்க 1539இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஏற்கெனவே ஆயுளுக்கோ, சில ஆண்டுகளுக்கோ ஒருவருக்கு உரிமை உள்ள நிலத்தை, சட்டம் வருவதற்கு முந்தைய ஓராண்டுக்குள் மடம் வேறொருவருக்குக் குத்தகைக்கு விட்டிருந்தால் அந்தக் குத்தகை செல்லாது. ஹைடனின் குத்தகை அந்த ஓராண்டுக்குள்தான் எழுதப்பட்டிருந்தது.

வழக்கு முடிவுக்கு வர 1584 ஆயிற்று. எட்டாம் ஹென்றி இறந்து, அவர் மகள் எலிசபெத் ஆண்டுகொண்டிருந்த காலம். அரசு வருவாய் தொடர்பான வழக்குகளை விசாரித்த எக்ஸ்செக்கர் நீதிமன்றத்தில், தலைமை நீதிபதி சர் ரோஜர் மேன்வுட் முன்னிலையில் வாதம் நடந்தது. ஹைடன் தரப்பின் வாதம் வலுவானது. சட்டம் ஆயுள் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. வேர் குடும்பத்திடம் இருந்ததோ பண்ணையார் விருப்பத்துக்கு உட்பட்ட அனுபவம்தான். அது சட்டம் சொல்லும் உரிமைக்குள் அடங்காது. ஆகவே தன் குத்தகை செல்லும் என்றார்கள்.

எழுத்தை மட்டும் பார்த்திருந்தால் ஹைடன் ஜெயித்திருக்கக்கூடும். நீதிபதிகள் எழுத்துக்குப் பின்னால் போனார்கள். இந்தச் சட்டம் வருவதற்கு முன் நிலவிய சட்டம் என்ன? அதனால் தீர்க்க முடியாத கேடு எது? அதைத் தீர்க்க நாடாளுமன்றம் தேர்ந்த பரிகாரம் என்ன? அந்தப் பரிகாரத்தின் உண்மையான காரணம் என்ன? இந்த நான்குக்கும் விடை கண்டபின், கேடு அடங்கும்படியும் பரிகாரம் முன்னேறும்படியும் சட்டத்துக்குப் பொருள் கொள்வதே நீதிபதியின் கடமை என்றார்கள். கேட்டைத் தொடரவைக்க ஆட்கள் கண்டுபிடிக்கும் நுட்பமான தப்பிக்கும் வழிகளை அடைப்பதும் அதில் சேரும்.

நான்காவது கேள்வியே வழக்கைத் தீர்த்தது. முந்தைய உரிமை உயிரோடு இருக்கும்போது புதிய குத்தகைக்கு அவசியமே இல்லை. ஒரு நிலத்தின் மேல் ஒரு நேரத்தில் ஓர் உரிமைதான் இருக்க வேண்டும் என்பதே சட்டத்தின் கருத்து. உரிமையை இரட்டிப்பாக்குவது தன்னளவிலேயே வஞ்சனையைக் காட்டுகிறது. பண்ணை வழக்கத்தால் வந்த ஆயுள் அனுபவத்துக்கும் இது பொருந்தும். வேர் குடும்பத்தின் உரிமை நின்றது. ஹைடனின் குத்தகை விழுந்தது.

அப்போது முப்பது வயதைத் தாண்டியிருந்த வழக்கறிஞர் எட்வர்ட் கோக் இதைக் குறித்துவைத்துக்கொண்டார். 1602இல் வந்த அவருடைய தீர்ப்புத் தொகுப்பின் மூன்றாம் பாகத்தில் அது அச்சேறியது. கோக் எழுதாமல் போயிருந்தால் ஹைடன் வழக்கை இன்று யாரும் அறிந்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து நீதிமன்றங்கள் பெரும்பாலும் சொல்லுக்குச் சொல் பொருள் கொள்ளும் பக்கம் சாய்ந்தன. 1868இல் ஒரு வழக்கு. ஏழைகள் நிவாரணக் குழுவுக்கான தேர்தலில் ஒருவர் செத்துப்போனவர் பெயரில் கள்ள ஓட்டுப் போட்டார். வாக்குரிமை உள்ளவர்போல ஆள்மாறாட்டம் செய்வது குற்றம் என்றது சட்டம். செத்தவருக்கு ஏது வாக்குரிமை என்று கேட்டு விடுவித்துவிட்டார்கள். சட்டம் எந்தக் கேட்டைத் தடுக்க வந்ததோ அதுவே கண்முன் நடந்திருக்கிறது. ஆனாலும் அந்த நீதிபதிகளின் தயக்கத்தில் நியாயம் உண்டு. சட்டம் தெளிவாகச் சொல்லாத செயலுக்கு ஒருவரைத் தண்டிப்பது ஆபத்து. நோக்கம் என்ற பெயரில் நீதிபதி தன் விருப்பத்தைச் சட்டமாக்கிவிடவும் கூடும். நீதிபதி டென்னிங் சட்டத்தின் இடைவெளிகளை நீதிமன்றமே நிரப்பலாம் என்ற போக்கில் எழுதியதை, அது நாடாளுமன்றத்தின் அதிகாரத்தைப் பறிப்பது என்று 1951இல் மேல்முறையீட்டை விசாரித்த பிரபுக்கள் சபை கடுமையாகக் கண்டித்தது.

இந்த நான்கு கேள்விகளை 1955இல் நம் உச்ச நீதிமன்றம் பெங்கால் இம்யூனிட்டி வழக்கில் எடுத்தாண்டது. எனக்கு நெருக்கமானது 1981இல் வந்த வர்கீஸ் வழக்கு. எர்ணாகுளத்தில் 1958இல் ரூ. 16,500க்கு வாங்கிய வீட்டை வர்கீஸ் 1965இல் அதே விலைக்குத் தன் மருமகளுக்கும் பிள்ளைகள் ஐவருக்கும் விற்றார். லாபம் ஒரு பைசா இல்லை. வருமான வரி அதிகாரியோ சந்தை மதிப்பு ரூ. 65,000 என்று கணக்கிட்டு, வித்தியாசமான ரூ. 48,500ஐ மூலதன ஆதாயமாக்கி வரி கேட்டார். வருமான வரிச் சட்டத்தின் 52(2) பிரிவு அதிகாரியின் பக்கம்தான் இருந்தது. சொன்ன விலையைவிடச் சந்தை மதிப்பு 15 சதவீதத்துக்குக் குறையாமல் கூடியிருந்தால் சந்தை மதிப்பையே விலையாகக் கொள்ளலாம் என்று அது நேராகவே சொன்னது. கேரள உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு பெரும்பான்மையாக வருமான வரித்துறை சொன்னதை ஏற்றது.

உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பி. என். பகவதி அந்தப் பிரிவு ஏன் வந்தது என்று தேடினார். அது 1964இல் சேர்க்கப்பட்டது. நிதியமைச்சர் அப்போது நம் டி. டி. கிருஷ்ணமாச்சாரி. நேர்மையான பரிவர்த்தனைகளை இது குறிவைக்கவில்லை என்று நாடாளுமன்றத்திலேயே சொல்லப்பட்டிருந்தது. பத்திரத்தில் ஒரு விலை, கையில் ஒரு விலை என்ற பழக்கம்தான் அது அடைக்க வந்த கேடு. ஆகவே விலையைக் குறைத்துக் காட்டியதை வருமான வரித்துறை நிரூபித்தால்தான் பிரிவு பாயும். வாங்காத பணத்துக்கு வரி கிடையாது என்று தீர்ப்பாயிற்று. 1584இல் அரசின் வருவாயைக் காத்த அதே கேள்விகள், கிட்டத்தட்ட நானூறு ஆண்டு கழித்து அரசிடமிருந்து ஒரு குடிமகனைக் காத்தன. யார் பக்கம் நிற்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யாத கேள்விகள் அவை. அதனால்தான் அவற்றின் மேல் எனக்கு இவ்வளவு மரியாதை.

நம் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் வரும் ஒவ்வொரு மசோதாவோடும் ‘நோக்க காரண விளக்கவுரை’ என்று ஒன்று இணைக்கப்படுகிறது. மசோதா சட்டமான பின் அது சட்டத்தின் பகுதியாக இருப்பதில்லை. பெரும்பாலும் யாரும் தேடுவதும் இல்லை. உங்களைத் தொடும் சட்டம் எதையாவது அடுத்த முறை படிக்க நேர்ந்தால், முதலில் அந்த உரையைத் தேடிப் படியுங்கள். அதன்பின் பிரிவுகளுக்கு வாருங்கள்.