மூச்சை அளந்து கொடுத்த கதை



"ஆபரேஷனுக்குப் பயமில்லைங்க டீச்சர், மயக்க மருந்துக்குத்தான் பயம்" என்று நம் நல்லூரில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இந்தப் பயம் பழையது. 1889-இல் ஹைதராபாத்தில் நிஜாமின் பண உதவியோடு எட்வர்ட் லாரி என்ற மருத்துவர் குளோரோஃபார்ம் ஆய்வு நடத்தினார். மயக்கத்தில் இருப்பவரின் மூச்சைக் கவனிக்க வேண்டும் என்பதே அவர் வற்புறுத்தியது. குளோரோஃபார்ம் இதயத்தையும் நிறுத்தும் என்று பின்னால் தெரியவந்தது. ஆனாலும் மூச்சைக் கவனிக்கும் பாடம் நிலைத்தது.

1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களுக்கு, இப்சன் என்ற மயக்க மருத்துவர் தொண்டையில் குழாய் வைத்துக் காற்றுப்பையை அழுத்தச் சொன்னார். சுமார் 1,500 மாணவர்கள் முறை போட்டு இரவு பகலாகக் கையால் அழுத்தினார்கள். பல உயிர்கள் பிழைத்தன. பிறகு இந்த வேலையை இயந்திரம் ஏற்றது.

எவ்வளவு காற்று கொடுப்பது? மயக்கத்தில் நுரையீரலின் சிறு காற்றறைகள் சுருங்கி மூடிக்கொள்ளும். அதனால் 1963-க்குப் பிறகு பெரிய பெரிய மூச்சாகக் கொடுப்பது வழக்கமாயிற்று. ஆனால் எலாஸ்டிக்கை அளவுக்கு மீறி இழுத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? பனியன் கம்பெனிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். நுரையீரலும் அப்படித்தான்.

2000-இல் அமெரிக்காவில் நுரையீரல் கடுமையாகப் பாதித்த 861 பேரிடம் சோதித்தார்கள். கிலோவுக்கு 12 மில்லி கொடுத்தபோது 39.8 சதவீதம் பேர் இறந்தார்கள். 6 மில்லி கொடுத்தபோது 31 சதவீதம். 2013-இல் பிரான்சில் வயிற்று அறுவை செய்துகொண்ட 400 பேரிடம், சிறு மூச்சோடு காற்றறை மூடாதபடி சிறிது அழுத்தமும் வைத்தார்கள். பெரிய சிக்கல்கள் 27.5 சதவீதத்திலிருந்து 10.5 ஆகக் குறைந்தன.

இங்கே ஒரு கணக்கு. கிலோ என்றால் தராசு காட்டும் எடை அல்ல, உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை. 165 செ.மீ. உயரமுள்ள ஆண் 90 கிலோ இருந்தாலும் அவர் கணக்கு சுமார் 61 கிலோதான். உடம்பு பெருத்தாலும் நுரையீரல் பெருப்பதில்லை. எனவே ஒரு மூச்சுக்கு சுமார் 370 முதல் 490 மில்லி போதும்.

அறுவைக்கு முன் மயக்க மருத்துவர் பார்க்க வருவார். பீடி, சிகரெட், இளைப்பு, மில்லில் பஞ்சுத் தூசியில் வேலை பார்த்தது, எதையும் மறைக்காதீர்கள். புகைப்பவர்கள் நாள் குறித்ததும் நிறுத்திவிடுங்கள். அளந்து கொடுக்க அவர் இருக்கிறார். உள்ளதைச் சொல்வது நம் பொறுப்பு.