துப்பாக்கிப் போட்டியும் அதன் கட்டுப்பாடுகளும்



விளையாட்டு என்றதும் நம் நினைவுக்கு வருவது தோட்டத்துத் திடலில் மாலை வேளையில் நடக்கும் பந்தாட்டம். அங்கே ஒருவர் விதியை மீறினால் நடுவர் விசில் ஊதுவார், பந்து எதிர்க் கட்சிக்குப் போகும், ஆட்டம் தொடரும். ஆனால் ஒரே ஒரு தவறு ஓர் உயிரைக் கொண்டுபோய்விடக்கூடிய விளையாட்டும் உலகில் உண்டு. அசல் தோட்டாக்கள் நிரப்பிய கைத்துப்பாக்கியுடன் ஓடியும், குனிந்தும், மறைவிலிருந்து எட்டிப் பார்த்தும், பல இலக்குகளைக் குறைந்த நேரத்தில் சுடும் போட்டியே அது. 'பிராக்டிகல் ஷூட்டிங்' என்று அதற்குப் பெயர். ஒலிம்பிக் பந்தயத்தில் வீரர் ஓரிடத்தில் நின்று சுடுவார். இங்கே வீரரும் ஓடுவார், துப்பாக்கியும் அவரோடு ஓடும்.

இப்படிப்பட்ட ஆட்டம் எப்படித் தோன்றியது? அதற்குள் கட்டுப்பாடு எப்படி வந்தது? இதுவே இன்றைய பேச்சு. துப்பாக்கிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். சம்பந்தம் உண்டு, கடைசியில் சொல்கிறேன்.

1950ஆம் ஆண்டுகளில் அமெரிக்க வீடுகளில் தொலைக்காட்சி பரவியது. அதில் கௌபாய் கதைகள் ஓயாமல் ஓடின. இடுப்பில் தொங்கும் உறையைத் தொடையோடு கயிற்றால் கட்டிக்கொண்டு, கண் இமைக்கும் நேரத்தில் துப்பாக்கியை உருவிச் சுடும் கதாநாயகனைக் கண்டு இளைஞர்கள் மயங்கினர். அதைப் பழகுவதற்கென்றே சங்கங்கள் தோன்றின. அறிவுள்ளவர்கள் மெழுகுக் குண்டு போட்டுப் பழகினார்கள். அவசரக்காரர்கள் அசல் தோட்டாவையே போட்டார்கள். துப்பாக்கி உறையை விட்டு வெளியே வருவதற்குள் விசையை இழுத்து, தங்கள் காலிலேயே சுட்டுக்கொண்டவர்கள் உண்டு.

அந்த நாளில் கலிபோர்னியா மாநிலத்தின் பிக் பேர் லேக் என்ற மலை ஊரில் ஜெஃப் கூப்பர் என்பவர் போட்டிகள் நடத்தி வந்தார். 1920இல் பிறந்தவர், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க மரீன் படை அதிகாரியாகப் பணியாற்றியவர். பலூன்களை இலக்காக வைத்து, இருவரை ஒரே நேரத்தில் சுடச் செய்து, முந்தியவரை வெற்றியாளராக அறிவிப்பார். எப்படி நின்று சுடவேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. எது பலன் தருகிறதோ அதைச் செய்யலாம்.

பெரும்பாலோர் ஒரு கையால், இடுப்பு உயரத்திலிருந்தே சுட்டார்கள். வேகம் இருந்தது, குறி இல்லை. ஜாக் வீவர் என்ற லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரக் காவல் அதிகாரி வேறு வழியில் யோசித்தார். துப்பாக்கியை இரு கைகளாலும் பிடித்தார். கண்ணுக்கு நேரே உயர்த்தினார். குறி பார்த்துச் சுட்டார். ஒரு நொடிப் பகுதி தாமதமானாலும் குண்டு இலக்கில் பட்டது. 1959இல் வெற்றி அவருக்கே. பதறாத காரியம் சிதறாது என்று நம் பெரியவர்கள் சொல்வது அங்கே மெய்யாயிற்று. இரு கைப் பிடி மெல்ல மெல்லப் பரவி, இன்று உலகெங்கும் வழக்கமாகிவிட்டது.

ஆட்டம் அமெரிக்காவைத் தாண்டியது. 1975இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் முதல் உலகப் போட்டி நடந்தது. அமெரிக்கரான ரே சாப்மன் வென்றார். நாட்டுக்கு நாடு விதி மாறினால் போட்டி நடத்த முடியாது. ஆகவே 1976 மே மாதம் அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் உள்ள கொலம்பியா நகரில் பல நாட்டவர் கூடினர். ஐ.பி.எஸ்.சி. எனப்படும் அனைத்துலகக் கூட்டமைப்பு அங்கே பிறந்தது. கூப்பர் அதன் முதல் தலைவரானார். துல்லியம், வலிமை, வேகம் என்ற மூன்று லத்தீன் சொற்களை அது தன் இலட்சிய வாசகமாகக் கொண்டது. அடுப்புக்கு மூன்று கல் போல இந்த மூன்றும். ஒன்று குறைந்தாலும் பானை நிற்காது.

இந்த மூன்றையும் எப்படி அளக்கிறார்கள்? ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். அட்டை இலக்கின் நடுப்பகுதியில் பட்டால் 5 புள்ளி. பெற்ற புள்ளிகளை, எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுப்பார்கள். ஒருவர் 12 குண்டுகளையும் நடுவில் சுட்டு 60 புள்ளி பெறுகிறார்; எடுத்த நேரம் 12 நொடி. அவருடைய கணக்கு 5. இன்னொருவர் 8 நொடியில் முடித்துவிடுகிறார். ஆனால் பத்துக் குண்டுகளே பட்டன, இரண்டு தவறின. தவறிய ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளி கழியும். ஆக 50இல் 20 போக 30. அதை எட்டால் வகுத்தால் 3.75 தான். முந்தி ஓடியவர் பிந்திவிட்டார்! அதற்காக மெத்தனமாகச் சுட்டாலும் ஆகாது. அதே 60 புள்ளியை 20 நொடியில் பெற்றால் கணக்கு 3க்கு இறங்கிவிடும்.

வலிமைக்கும் அளவு உண்டு. குண்டின் எடையைத் தராசிலும், அது பாயும் வேகத்தைக் கருவியிலும் அளந்து, இரண்டையும் பெருக்கிப் பார்ப்பார்கள். வலிமை மிகுந்த தோட்டாவின் உதைப்பைத் தாங்கிச் சுடுபவருக்கு, இலக்கின் ஓரத்தில் பட்ட குண்டுக்குச் சற்றுக் கூடுதல் புள்ளி கிடைக்கும். துப்பாக்கிகளும் காலத்தோடு மாறின. உதைப்பைக் குறைக்கும் குழல் முனைகளும், சிவப்புப் புள்ளி தெரியும் கண்ணாடிகளும் வந்தன. காசுள்ளவரே வெல்வார் என்ற நிலை வராதிருக்க, சாதனங்களைப் பொறுத்து ஓபன், ஸ்டாண்டர்டு, புரொடக்‌ஷன், ரிவால்வர் எனப் போட்டியைப் பிரிவு பிரிவாக வகுத்தார்கள்.

உறையிலும் மாற்றம் வந்தது. துப்பாக்கி உறையில் இருக்கும்போது விரல் விசையைத் தொட முடியாதபடி அது மூடியிருக்க வேண்டும். தொடையோடு கயிறு கட்டிய பழைய கௌபாய் உறையைச் சாதாரணப் போட்டியாளருக்கு விதி அனுமதிப்பதில்லை. எந்த ஆசையில் இந்த ஆட்டம் தொடங்கியதோ, அந்த ஆசையின் சின்னத்தையே ஆட்டம் விலக்கி வைத்தது.

இனிப் பாதுகாப்புக்கு வருவோம். கூப்பர் நான்கு கட்டளைகளை வகுத்துச் சொன்னார். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரம்பியது என்றே கருதவேண்டும். அழிக்க விரும்பாத எதன்மேலும் குழலின் வாய் திரும்பக் கூடாது. இலக்கைக் குறி பார்க்கும்வரை விரல் விசைக்குப் போகக் கூடாது. இலக்கு இன்னது, அதற்குப் பின்னால் இருப்பது இன்னது என்று தெரியாமல் சுடக் கூடாது.

இந்த நான்கையும் சேர்த்துப் பாருங்கள், நேயர்களே. கால் இடறி, விரல் தவறி விசையை இழுத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குழலின் வாய் மண்மேட்டை நோக்கியிருந்தால், குண்டு மண்ணுக்குள் போகும், யாருக்கும் சேதமில்லை. வேறொரு நாள் குழல் ஆள்பக்கம் திரும்பிவிட்டது. விரல் வெளியே இருந்தால், துப்பாக்கி வெடிக்காது. ஒரு வேலி சாய்ந்தாலும் அடுத்த வேலி காக்கிறது. மனிதன் எப்போதும் கவனமாகவே இருப்பான் என்று இந்த விதிகள் நம்பவில்லை. ஒருநாள் தவறுவான் என்று எதிர்பார்த்து, அந்தத் தவறு ஆளைக் கொல்லாதபடி அமைத்திருக்கிறார்கள்.

போட்டி நடக்கும் முறையும் இப்படியே. சுடுதள அதிகாரி கட்டளையிடும்வரை துப்பாக்கி காலியாகவே இருக்கவேண்டும். துப்பாக்கியைத் துடைக்கவோ சரிபார்க்கவோ தனி இடம் ஒதுக்கியிருப்பார்கள். அங்கே தோட்டாவைக் கையால் தொடக் கூடாது. போலித் தோட்டாவும் ஆகாது. இரும்பு இலக்கிலிருந்து சிதறல் தெறிக்கும் என்பதால், 7 மீட்டருக்கும் அருகில் நின்று அதைச் சுடக் கூடாது. கண்ணாடியும் காதடைப்பும் அணிவதை விதிநூல் வலியுறுத்துகிறது. சுட்டு முடிந்ததும் வீரர் தோட்டாக்களை நீக்கி, உள்ளே ஒன்றுமில்லை என்று அதிகாரிக்குக் காட்டுவார். இருவரும் கண்ணால் பார்த்தாயிற்று. அதன் பிறகும், குழலை மண்மேட்டுக்கு நேரே பிடித்து ஒருமுறை விசையை இழுக்கச் சொல்வார்கள். கண்ணையும் முழுதாக நம்பாத விதி இது! அதன் பின்னரே துப்பாக்கி உறைக்குள் போகும்.

மீறினால்? இங்கே எச்சரிக்கை கிடையாது. ஓடும்போதோ தோட்டா மாற்றும்போதோ விரல் விசை வளையத்துக்குள் இருந்தால், குழல் எல்லையைத் தாண்டிப் பின்பக்கம் திரும்பினால், துப்பாக்கி கை நழுவி விழுந்தால், அந்த வினாடியே ஆட்டத்தை நிறுத்தி முழுப் போட்டியிலிருந்தும் விலக்கிவிடுவார்கள். விழுந்த துப்பாக்கியை வீரர் எடுக்கக் கூடாது, அதிகாரியே எடுப்பார். கடல் கடந்து வந்தவரானாலும், பலமுறை வென்றவரானாலும் அவருக்கு இதே விதிதான்.

"ஒன்றும் ஆகவில்லையே! யாருக்கும் காயமில்லையே!" என்று அப்போது ஒருவர் கேட்கலாம். உண்மைதான். காயம் பட்டிருந்தால் அது விபத்து. இது விபத்துக்கு முந்திய படி. முதல் வேலி சாய்ந்த அன்றே ஆளை நிறுத்தினால்தான் கடைசி வேலி சாயும் நாள் வராது.

கூப்பர் பின்னாளில் இந்தப் போட்டி வெறும் விளையாட்டாகிவிட்டதே என்று குறைப்பட்டதுண்டு. 2006இல் அவர் காலமானார். ஆட்டம் நம் பக்கத்து நாடுகளுக்கும் வந்தது. 1999இல் பிலிப்பைன்சின் செபுவிலும், 2008இல் இந்தோனேசியாவின் பாலியிலும், 2022இல் தாய்லாந்தின் பட்டாயாவிலும் உலகப் போட்டிகள் நடந்தன. நம் மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். இது வீட்டில் விளையாடிப் பார்க்கும் விளையாட்டன்று.

முதலில் சொன்ன சம்பந்தத்துக்கு வருகிறேன். நம் கையில் துப்பாக்கி இல்லை. செம்பனைக் குலை வெட்டும் நீண்ட கம்பும் அரிவாளும் இருக்கின்றன. களைக்கு மருந்து அடிக்கும் தோம்பு இருக்கிறது. குழலின் வாய் எங்கே நோக்குகிறது என்று வீரர் பார்ப்பதுபோல, குலை எந்தப் பக்கம் விழும், அங்கே உதிரிப் பழம் பொறுக்க யாராவது குனிந்திருக்கிறார்களா என்று நாம் பார்க்கவேண்டும். பல குடும்பங்களில் வெட்டுபவர் கணவர், பொறுக்குபவர் மனைவி. கம்பைத் தூக்குமுன் மேலே மின்கம்பி போகிறதா என்று பார்க்கவேண்டும். அரிவாளை மோட்டார் சைக்கிளில் எடுத்துப்போகும்போது அதற்கு உறை போடவேண்டும். மருந்து அடிக்கையில் கையுறையும் முகமூடியும் வேண்டும்.

"இத்தனை வருஷமாக இப்படித்தான் செய்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே" என்று நம்மில் சிலர் சொல்வதுண்டு. சுடுதளத்தில் விலக்கப்பட்ட வீரரின் வாயிலும் அதே பேச்சு வரும். அங்கே அவரை நிறுத்த ஓர் அதிகாரி பக்கத்திலேயே நிற்கிறார். செம்பனை மரத்தடியில் அப்படி ஒருவர் எப்போதும் நிற்பதில்லை. அங்கே நாமேதான் நமக்கு அதிகாரி. பக்கத்தில் வேலை செய்பவர் தவறினால், அவரை நிறுத்தவேண்டியவரும் நாமே.