செரோக்கி அட்சரங்களின் சரித்திரம்

வட அமெரிக்காவின் தென்கிழக்குப் பிரதேசத்தில் வாழ்ந்த செரோக்கி மக்களிடையே, ஆங்கிலம் எழுதப் படிக்க அறியாத செக்கோயா என்னும் வெள்ளி வேலைக்காரர் ஒருவர், வெள்ளையர் காகிதத்தின் வாயிலாகத் தூரத்திலுள்ளவரோடு பேசும் வித்தை தம் ஜனங்களுக்கும் கைகூட வேண்டுமென்று பல ஆண்டுகள் இடையறாது முயன்று, 1821-ஆம் ஆண்டில் தாய்மொழிக்கு ஓர் எழுத்து முறையை வகுத்து முடித்தார். ஓர் அசைக்கு ஓர் எழுத்து என்பதே அதன் விதி. ரோமானிய 'டபிள்யூ'வை ஒத்த உருவம் அதில் 'லா' என்றும், 'டி'யை ஒத்தது 'அ' என்றும் ஒலிக்கும். மொழி அறிந்தவர் சொற்ப காலத்திலேயே அதைக் கற்றுக்கொண்டார்கள்.

செரோக்கி மகாசபை தன் பொக்கிஷத்திலிருந்து பொருள் ஒதுக்கி, பாஸ்டன் நகரத்தில் ஈய அச்செழுத்துக்களை வார்ப்பித்து, 1828 பிப்ரவரி 21-ஆம் நாள் தன் தலைநகரான நியூ எக்கோட்டாவில் 'செரோக்கி பீனிக்ஸ்' பத்திரிகையை வெளியிட்டது. எலையாஸ் பூடினாட் அதன் ஆசிரியர். எழுத்துக்களை அச்சுக்கு ஏற்ற வரிசையில் அமைக்க உதவியவர் சாமுவேல் வொர்ஸ்டர் என்னும் பாதிரியார். செரோக்கி நிலத்தின்மீது ஆசை கொண்ட ஜார்ஜியா மாகாணத்தின் காவற்படை 1835-இல் அந்த அச்சுக்கூடத்தைப் பறித்துக்கொண்டது. 1838-39-இல் ஜனங்களே பலவந்தமாக மேற்கே விரட்டப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் வழியில் மாண்டனர். எஞ்சியோர் இன்றைய ஓக்லஹோமாவில் குடியேறி, மறுபடியும் அச்சுக்கூடம் கண்டார்கள்.

எழுத்துக்கான கருவியைத் தாமே தேடிக்கொள்ளும் இதே கிரமம் கணினி யுகத்திலும் தொடர்ந்தது. 1999-இல், கணினிகளுக்கான பொது எழுத்துக் குறியீட்டு முறையாகிய யூனிகோடு, செரோக்கி எழுத்துக்களுக்கு இடமளித்தது. 2003-இல் ஆப்பிள் கணினியிலும், செரோக்கி தேசத்து அரசின் மொழித் துறையினர் விடாது வற்புறுத்தியதன் பயனாக 2010-இல் ஐபோனிலும் அவை இடம்பெற்றன. குறியீட்டு எண் கிடைத்தால் மட்டும் போதாது. எழுத்துரு வேண்டும், விசைப்பலகை வேண்டும், அவற்றை நாள்தோறும் கையாளும் குழந்தைகளும் வேண்டும். ஆகவேதான் ஓக்லஹோமாவின் தாலக்குவா நகரத்தில், பாடங்களைச் செரோக்கியிலேயே போதிக்கும் பாடசாலையையும் செரோக்கி தேசத்து அரசு நடத்துகிறது.

அன்று ஈய எழுத்துக்குப் பணம் ஒதுக்கிய மகாசபையும், இன்று கணினி நிறுவனங்களின் கதவைத் தட்டிய அரசும், அன்னியர் தயவை எதிர்பார்த்துக் காத்திராமல் தம் மொழியின் காரியத்தைத் தாமே ஏற்று நடத்தியதுதான் இச்சரித்திரத்தின் சாரம். ஆயினும் 2019-இல் இன்றுள்ள மூன்று செரோக்கி அரசுகளும் ஒருங்கே கூடித் தம் மொழிக்கு நெருக்கடி நிலையை அறிவிக்க நேர்ந்தது; இயந்திரம் எழுத்தைக் காக்கும், மொழியைக் காக்க வேண்டியவர்கள் அதைப் பேசுகிறவர்களே.