தோம்பும் தொகைமதிப்பும்

நல்லூரைத் தலைநகராகக் கொண்டிருந்த யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயர் கைப்பட்டது. நாட்டைப் பெற்றவர்க்கு அதன் வருவாயும் தெரிதல் வேண்டுமன்றோ? ஊர்தோறும் காணியும், அதற்குரியாரும், அவர் இறுக்கவேண்டிய வரியும் தோம்பு எனப்பட்ட ஏடுகளிற் பதியப்பட்டன. பின்வந்த ஒல்லாந்தர் காணித்தோம்பு, தலைத்தோம்பு என வகுத்து அம்முறையை விரித்தனர். குடிகளை எண்ணியது அவர்களிடம் பெறுதற்கேயாம், அவர்க்கு அளித்தற்கன்று.

ஆங்கிலேயர் 1871இல் தீவு முழுவதற்கும் முதன்முறையாகத் தொகைமதிப்பு நடத்தினர். 1901இல் அப்பணி, மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட பொன்னம்பலம் அருணாசலத்திடம் ஒப்படைக்கப்பட்டது. பதிவாளர் நாயகமாயிருந்து பதிவுகளை ஒழுங்குசெய்தவரும் அவரே. 35 இலட்சத்து 65 ஆயிரத்துச் சொச்சம் மக்களை எண்ணி அவர் எழுதிய அறிக்கை வெறும் அட்டவணைக் கட்டன்று. இன்றும் வரலாற்று நூலாகவே படிக்கத்தக்கது.

தொகைமதிப்புப் பத்தாண்டுக்கு ஒருமுறை வருவது. இடைப்பட்ட ஆண்டுகளில், முன்னைய தொகையோடு பிறப்பைக் கூட்டி, இறப்பைக் கழித்து, வந்தவர் போனவரையுங் கணக்கிற் கொண்டு மதிப்பீடு செய்வர். முதலிரண்டுக்கும் ஏடு உண்டு. மூன்றாவதற்கு யாது ஏடு? அமைதிக்காலத்தில் இக்குறை பெரிதாய்த் தோன்றாது.

1981க்குப் பின் யாழ்ப்பாணத்தில் இக்குறையே எல்லாமாயிற்று. 1991இல் தொகைமதிப்பு நடைபெறவில்லை. 2001இல் 25 மாவட்டங்களுள் 18இல் மட்டுமே அது முழுமையாக நிறைவேறிற்று. யாழ்ப்பாணம் அவற்றுள் ஒன்றன்று. இதற்கிடையில், 1990 ஒக்டோபரில் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். 1995 ஒக்டோபர் இறுதியில் நல்லூர் உள்ளிட்ட வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தனர். கடல்கடந்தோர் தொகையோ வேறு. இவற்றுள் எதுவும் எந்தப் பதிவேட்டிலும் உரியவாறு ஏறவில்லை.

எண்ணில் தங்கிய முடிவுகள் எண்ணுக்காகக் காத்திருக்கவில்லை. 1974 முதல் பல்கலைக்கழக அனுமதி மாவட்டக் குடித்தொகைக்கேற்பப் பங்கிடப்பட்டது. விஞ்ஞானம் சார்ந்த பீடங்களில் யாழ்ப்பாண மாணவர் அதுவரை பெற்றிருந்த இடங்கள் சுருங்கின. அம்முறையின் நீதி அநீதி பற்றிய வழக்கு ஒருபுறமிருக்க, குடித்தொகையே இடத்தின் அளவுகோலாயின் அளவுகோலாவது நேராயிருத்தல் வேண்டும். முப்பதாண்டு எண்ணப்படாத மாவட்டத்துக்கு அந்த உறுதியும் இல்லாமற்போயிற்று.

எண் உயிரையே தொடும் என்பதை 2009 காட்டிற்று. வன்னியில் முற்றுகைக்குட்பட்ட குடிமக்கள் 70,000 அளவினரே என அரசு அவ்வாண்டின் தொடக்கத்திற் கூறிற்று. அங்கே குடும்பப் பதிவுகளை வைத்திருந்த மாவட்ட அதிகாரிகளின் கணக்கோ 3 இலட்சத்துக்கு மேற்பட்டது. சென்ற உணவும் மருந்தும் தேவைக்கு எவ்வளவோ குறைந்தன. மே மாதத்திற் போர் முடிந்தபோது முகாம்களை அடைந்திருந்தோர் மட்டும் 2 இலட்சத்து 80 ஆயிரம் அளவினர்.

2012இல் மீண்டும் எண்ணியபோது யாழ்ப்பாண மாவட்டத்தின் தொகை ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம். பின்னர்த் தனி மாவட்டமாகிய கிளிநொச்சியை நீக்கிப் பார்த்தால், 1981இல் அது 7 இலட்சத்து 38 ஆயிரமாயிருந்தது. அதே காலத்தில் தீவின் மொத்தத் தொகை 148 இலட்சத்திலிருந்து 203 இலட்சமாய் உயர்ந்திருந்தது. வாக்காளர் தொகையால் வரையறுக்கப்படும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் பாராளுமன்ற ஆசனங்கள் 2010இல் 9, 2015இல் 7, 2024இல் 6 எனக் குறைந்தன.